பாட்டு நன்றாகக் கேட்கிறது, கேமில் மட்டும் ஏன் கரகரக்கிறது?

ஹெட்போனில் பாட்டுப் போட்டால் பளிங்கு மாதிரி தெளிவு. அதே கம்ப்யூட்டரில் கேமைத் திறந்து, நாலு பேர் ஒரே நேரத்தில் சுடத் தொடங்கியதும் ‘கர்ர்... டப்... கர்ர்’ என்று சவுண்ட் உடைகிறது. பாட்டு சரியாகக் கேட்பதால் ஹெட்போனில் தப்பில்லை, அப்படியானால் கேமில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, கேமை அழித்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்து ஒரு ராத்திரியைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். மறுநாளும் அதே கரகரப்பு.

பாட்டும் கேமும் ஒரே ஹெட்போனுக்குத்தான் வருகின்றன, ஆனால் வந்து சேரும் விதம் வேறு. அது புரிந்தால் பாதிக் கோளாறுகளை செட்டிங்ஸ் பக்கம் போகாமலே ஊகித்துவிடலாம்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒலி என்பது எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணுக்கும் சாம்பிள் என்று பெயர். இடது காதுக்கு நொடிக்கு 48,000, வலது காதுக்கு இன்னொரு 48,000. கேம்களிலும் வீடியோவிலும் இதுதான் வழக்கமான கணக்கு. ஆடியோ சிடிக்கு 44,100. சவுண்ட் சிப் இந்த எண்களை ஒரே சீரான வேகத்தில் மின் அலையாக மாற்றிக்கொண்டே இருக்கும். யாருக்காகவும் காத்திருக்காது.

மேடையில் ஒருவர் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் இன்னொருவர் எழுதி எழுதித் தாள் நீட்டுகிறார். வாசிப்பவர் சவுண்ட் சிப், எழுதுபவர் கேம். அந்தத் தாளைத்தான் பஃபர் என்கிறோம். விண்டோஸ் வழக்கமாக 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தாள் என்ற கணக்கில் வேலை செய்கிறது. ஒரு தாளில் காதுக்கு 480 சாம்பிள், நொடிக்கு நூறு தாள். தாள்கள் நேரத்துக்கு வந்தால் வாசிப்பு தடங்கலில்லாமல் ஓடும். ஒன்று தாமதமானாலும் வாசிப்பவர் ஒரு கணம் வாயடைத்து நிற்பார். காதில் அது ‘டிக்’. நொடிக்கு இருபது தாள் தாமதமானால் அதுவே கரகரப்பு.

கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோகும்போது ‘டர்ர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் நிற்காமல் வருமே, அதுவும் இதே கதைதான். எழுதுபவர் மயங்கி விழுந்துவிட்டார். வாசிப்பவருக்கு அது தெரியாது. கையில் இருக்கும் கடைசித் தாள்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறார்.

பாட்டுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? பாட்டு ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. பிளேயர் அதில் கொஞ்சத்தை முன்கூட்டியே எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளலாம். நடுவில் கம்ப்யூட்டர் கால் நொடி திணறினாலும் கையிருப்பு காப்பாற்றிவிடும். கேமுக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் எப்போது துப்பாக்கியை அழுத்துவீர்கள், எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் அழுத்திய பிறகுதான் அந்த வெடிச்சத்தத்தை மற்ற சத்தங்களோடு கலந்து தாளில் எழுத முடியும். கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. தாளைப் பெரிதாக்கினால் கரகரப்பு குறையும், ஆனால் அழுத்திய பிறகு சத்தம் வர அவ்வளவு தாமதமாகும். அதனால்தான் பாட்டை வைத்து சோதித்துவிட்டு கம்ப்யூட்டர் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பாட்டு ஒரு சுலபமான பரீட்சை.

தாளைத் தாமதப்படுத்துவது யார்?

முதல் சந்தேகம் கேமின் மேலேயே. பிராசசர் 100 சதவீதத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தால் சவுண்டை எழுதும் வேலையும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு, ஆனால் பலருக்கு மனசு வராது: ஃபிரேம் ரேட்டுக்கு, அதாவது கேம் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதற்கு, வரம்பு வையுங்கள். நொடிக்கு 60 படம் மட்டும் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கேம் 200 ஃபிரேம் ஓட்டினால், மிச்சம் 140 உங்கள் கண்ணுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை, ஆனால் பிராசசரின் உழைப்பை மட்டும் தின்றுவிடுகிறது. கேமின் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸிலோ கிராஃபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலிலோ 60 என்று வரம்பு வைத்து, ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் ஆள் பிடிபட்டான். பின்னால் பிரௌசரில் முப்பது டேப் திறந்து கிடந்தால் அவற்றையும் மூடிவிட்டுச் சோதியுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் கரகரக்கிறது என்றால் கதை சுவாரசியமாகிறது. குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை விண்டோஸோடு இணைத்து இயக்கும் புரோகிராம். அது சவுண்ட் டிரைவராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வைஃபை கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு, யுஎஸ்பி என்று ஒவ்வொரு சாதனமும் அடிக்கடி பிராசசரின் கையைப் பிடித்து இழுக்கும்: இதை உடனே கவனி. அந்த அவசர வேலையை அதன் டிரைவர் சட்டென்று முடித்துவிட்டு நகர வேண்டும். இப்படிப்பட்ட ஒரு வேலை 100 மைக்ரோசெகண்டைத் தாண்டக் கூடாது என்பது டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கும் வழிமுறை. அதாவது ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு. மோசமாக எழுதப்பட்ட டிரைவர் சில மில்லிசெகண்ட் வரை பிடித்துக்கொள்ளும். பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்கள் உண்டு. அவ்வளவு நேரமும் அந்த டிரைவர் பிடித்துக்கொண்ட கோரில் வேறு சாதாரண வேலை எதுவும் நடக்காது. பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு தாள் போயாக வேண்டிய இடத்தில் இது சின்ன விஷயமில்லை. மொத்த சதவீதக் கணக்கில் இது தெரியவும் தெரியாது. கணக்குப்படி பிராசசர் சும்மாதான் இருந்தது.

இதைப் பிடிக்க லேட்டன்சிமான் என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. அதை ஓடவிட்டு, கரகரக்கும் கேமைப் பத்து நிமிடம் ஆடிவிட்டு வந்து பாருங்கள். டிரைவர்ஸ் என்ற பக்கத்தில் யார் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டார்கள் என்று பெயரோடு பட்டியல் இருக்கும். பெயர்கள் புரியாத மாதிரிதான் இருக்கும். ‘என்டிஐஎஸ்’ என்று தொடங்கினால் நெட்வொர்க் பக்கம், ‘டிஎக்ஸ்ஜி’ என்றால் கிராஃபிக்ஸ் பக்கம், ‘ஏசிபிஐ’ என்றால் மின்சார நிர்வாகம், பேட்டரி பக்கம் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். அந்தப் பக்கத்து டிரைவரைப் புதுப்பிப்பதுதான் வேலை. என் கம்ப்யூட்டரில் மாட்டியது வைஃபை. சவுண்ட் டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்ட பிறகுதான் அது தெரிந்தது. வைஃபையை அணைத்துவிட்டு இன்டர்நெட் தேவைப்படாத ஒரு கேமை ஆடிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கூடவே பார்க்க வேண்டியவை சில. சவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் ஹெட்போனின் ஃபார்மட் 24 பிட், 1,92,000 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 48,000-க்கு இறக்குங்கள். எண் பெரிதாக இருந்தால் சத்தம் உசத்தி என்று யாரோ சொல்லக் கேட்டு ஏற்றியிருப்பீர்கள். கேம் 48,000-த்தில் எழுதுவதை விண்டோஸ் நான்கு மடங்காக ஊதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதே இடத்தில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துப் பாருங்கள். எழுதிய தாளை வாங்கி அலங்காரம் செய்து அனுப்பும் இடைத்தரகர் அது. சில கம்ப்யூட்டர்களில் தாள் மாட்டிக்கொள்வதே அங்கேதான். லேப்டாப்பில் ஆடுபவர்கள் சார்ஜரை மாட்டி, பவர் மோடை உயர்ந்த நிலைக்கு மாற்றியும் சோதித்துவிடுங்கள்.

லினக்ஸில் கரகரப்பு வந்தால் மருந்து இன்னும் நேரடியானது. அங்கே ஒலியைக் கவனித்துக்கொள்ளும் பைப்வயரிலோ பல்ஸ் ஆடியோவிலோ தாளின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

சத்தமே வரவில்லை என்றால்

இது வேறு ஜாதி. தாள் நேரத்துக்குத்தான் போகிறது, ஆனால் வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் கேபிள்கள் படத்தோடு ஒலியையும் கொண்டு போகும். அதனால் விண்டோஸ் கண்ணுக்கு உங்கள் மானிட்டரும் ஒரு ஸ்பீக்கர்தான், அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் சரி. கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் சவுண்ட் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது வால்யூம் மிக்சர். விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூமும் தனி வெளியீடும் வைத்திருக்கிறது. என்றோ ஒருநாள் கேமின் சத்தத்தை மட்டும் சுழியத்துக்கு இறக்கியிருந்தால் அது அப்படியே இருக்கும். கேம் திறந்திருக்கும்போதே விண்டோஸ் பட்டனையும் ஜி பட்டனையும் சேர்த்து அழுத்தினால் கேம் பார் வரும். அதிலேயே ஆடியோ என்ற சின்னப் பெட்டியில் இந்த அளவுகள் தெரியும். சில கேம்கள், தொடங்கும்போது எந்த ஹெட்போன் இருந்ததோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளும். நடுவில் ஹெட்போனை மாற்றினால் கேமை மூடித் திறக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஹெட்செட்டின் கம்பியில் இருக்கும் வால்யூம் சக்கரத்தைத் தடவிப் பாருங்கள். சிரிக்காதீர்கள். சட்டைப் பொத்தானில் உரசி அது சுழியத்துக்குப் போயிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

வெடிச்சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

எனக்குப் பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் ஒரே அறிகுறிக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள். கேமில் மழை கேட்கிறது, காலடி கேட்கிறது, பின்னணி இசை கேட்கிறது. எதிரில் நிற்கும் பாத்திரம் வாயசைக்கிறது, குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது, அல்லது வருவதே இல்லை.

ஒரு காரணம் செட்டிங்ஸில். உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர், ஆனால் விண்டோஸிடம் 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கர், என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். கேம் அதை நம்பி ஆறு பேருக்கான தாள் எழுதுகிறது. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் வீட்டில் அந்த ஸ்பீக்கரே இல்லை. சவுண்ட் செட்டிங்ஸின் அடியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதைத் திறந்து, சாதனத்தைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பட்டனில் ஸ்டீரியோ என்று மாற்றினால் குரல் திரும்பிவிடும். தன்னை 7.1 என்று சொல்லிக்கொள்ளும் யுஎஸ்பி ஹெட்செட்டுகள் இதற்கு விதிவிலக்கு. அவற்றின் சொந்த சாஃப்ட்வேரே எல்லாவற்றையும் இரண்டு காதுக்கும் கலந்து தரும்.

இன்னொரு காரணம் பிளக்கில். 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். உலோகத்தில் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் என்றால் மூன்று தொடுபுள்ளிகள்: இடது, வலது, பொதுவான தரைக்கம்பி. மூன்று வளையம் என்றால் மைக்குக்கும் சேர்த்து நான்கு. பிளக் பாதி மட்டும் நுழைந்திருந்தாலோ, நான்கு புள்ளிப் பிளக் பொருந்தாத துளையில் உட்கார்ந்தாலோ தரைக்கம்பி தொடர்பு விட்டுப்போகும். அப்போது இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரண்டு காதிலும் சமமாக வரும் சத்தம் எதுவோ அது அடிபட்டுப் போகும். பேச்சுக் குரல் இரண்டு பக்கமும் சமமாக வருவதுதான்.

இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பாட்டு உதவிக்கு வரும். பாட்டில் பாடகர் குரலும் காணவில்லை என்றால் பிளக். பாட்டு முழுதாகக் கேட்டு, கேமில் மட்டும் குரல் இல்லை என்றால் 5.1. பிளக் என்றால் அழுத்திச் சொருகிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் நான்கு புள்ளியை மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டாகப் பிரிக்கும் ஒரு சின்ன ஸ்பிளிட்டர் கேபிள் போதும். ஸ்பீக்கர் பச்சைத் துளையில், மைக் ரோஜா நிறத் துளையில்.

காலடிச் சத்தம் வருகிறது, எந்தத் திசை என்று மட்டும் பிடிபடவில்லை என்ற புகாரும் இதன் பக்கத்து வீடுதான். கேமுக்குள் ஹெட்போன் 3டி ஒலி, விண்டோஸில் ஸ்பேஷியல் சவுண்ட், ஹெட்செட் சாஃப்ட்வேரில் வர்ச்சுவல் சரவுண்ட் என்று மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் திசை குழம்பத்தான் செய்யும். கேமுக்குள் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அணையுங்கள் என்பேன். எதிரி எங்கே நிற்கிறான் என்று கேமுக்குத்தான் தெரியும், மற்றவை ஊகிக்கின்றன.

மைக்கைப் போட்டதும் சத்தம் டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் வியாதி. வழக்கமான புளூடூத்தில் நல்ல தரமான ஸ்டீரியோ ஒரு வழிப் பாதை, உங்கள் காதுக்கு மட்டும். மைக்கும் வேண்டும் என்றால் போன் பேசுவதற்காக உருவான வேறொரு பாதைக்கு மாற வேண்டும். அதில் நொடிக்கு 8,000 அல்லது 16,000 சாம்பிள்தான், அதுவும் மோனோ. நீங்கள் வாய்ஸ் சாட்டில் நுழைந்த கணமே 48,000 ஸ்டீரியோவிலிருந்து இங்கே தூக்கிப் போட்டுவிடுகிறது. ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. மைக்குக்கு மட்டும் வேறொன்றை, லேப்டாப்பிலேயே இருக்கும் மைக்கையோ வெப்கேம் மைக்கையோ, வாய்ஸ் சாட் செட்டிங்ஸில் தேர்ந்தெடுத்தால் காதுக்கு வரும் சத்தம் பழையபடி ஆகிவிடும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்தது, ஆனால் ஹெட்செட், கம்ப்யூட்டர் இரண்டிலும் அந்த வசதி இருந்தாக வேண்டும்.

புளூடூத்தில் தாமதமும் உண்டு. 200 மில்லிசெகண்ட் என்பது சாதாரணம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி கிட்டத்தட்ட 69 மீட்டர் தள்ளி வெடிப்பது போல. கதை சொல்லும் கேமுக்குப் பரவாயில்லை. சுடும் கேமுக்கோ தாளத்தோடு தட்டும் கேமுக்கோ புளூடூத்தே வேண்டாம் என்பது என் கட்சி. யுஎஸ்பி டாங்கிளோடு (கம்ப்யூட்டரில் சொருகும் சின்ன ரிசீவர்) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. அதில் விட்டு விட்டுச் சத்தம் வந்தால் டாங்கிளை யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து பிடுங்குங்கள். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இதை இன்டெல் 2012-லேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்து வைத்தாலும் தீரும்.

நண்பர் பேசத் தொடங்கியதும் கேம் சத்தம் திடீரென்று அடங்கிப்போனால் அது கோளாறே இல்லை. போன் அழைப்பு வந்துவிட்டது என்று நினைத்து விண்டோஸ் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கிறது. மோர் சவுண்ட் செட்டிங்ஸில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்தில் டூ நத்திங் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மவுஸை நகர்த்தினால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் மாறுகிறது, காட்சி கனமானால் கீச்சொலி ஏறுகிறது என்றால் எண்களில் பிழையில்லை. எண் மின் அலையாக மாறிய பிறகு கேபினெட்டுக்குள் ஓடும் மின் இரைச்சல் அதில் ஒட்டிக்கொள்கிறது. முன்பக்கத் துளைக்குப் போகும் மெல்லிய வயர்தான் இதில் முதல் குற்றவாளி. பின்பக்கத் துளையில் மாட்டிப் பாருங்கள்.

டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடு என்ற ஆலோசனையை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடும். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாக யாரிடமாவது ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டை இரவல் வாங்கி, ஹெட்போனை அதில் மாட்டி அதே கேமை ஆடிப் பாருங்கள். மதர்போர்டின் சவுண்ட் சிப், அதன் டிரைவர், முன்பக்க வயர் மூன்றையும் ஒரே அடியில் ஒதுக்கிவிட்டீர்கள். சத்தம் சுத்தமாக வந்தால் கோளாறு அந்த மூன்றில் ஒன்று, இப்போது தாராளமாக சவுண்ட் டிரைவரை மாற்றிப் போடலாம். அதிலும் அதே கரகரப்பு வந்தால் சவுண்ட் டிரைவர் பக்கம் போகாமல் லேட்டன்சிமானைத் திறந்து, பட்டியலின் உச்சியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.